சூரியனை நடுவில் வைத்த பழைய வானப்படம் வாங்கினேன், நடுவில் சூரியனைக் காணோம்

தாம்பரம்_தனா | ஞாயிறு இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். புது வீட்டு ஹாலில் சோபாவுக்குப் பின்னால் ஏழடிச் சுவர் சும்மா கிடக்கிறது. மாமனார் ஏழு குதிரை ஓடும் படத்தை வாங்கித் தரத் தயாராக நிற்கிறார். அவர் முந்துவதற்குள் நான் முந்திக்கொண்டு ஆன்லைனில் ஒரு படம் ஆர்டர் செய்துவிட்டேன். "1660ஆம் ஆண்டின் சூரிய மைய அண்டம், பழங்கால வான வரைபடம்" என்று போட்டிருந்தார்கள். கேன்வாஸ், மூன்றடிக்கு இரண்டரை அடி. இன்று வந்து சேர்ந்தது. நிறம் அள்ளுகிறது, வட்டம் வட்டமாக, மூலையில் மேகம், தாடிக்காரர்கள், இறக்கை வைத்த குழந்தைகள்.

இரண்டு கேள்வி. கேன்வாஸுக்குச் சட்டம் போடலாமா, அப்படியே மாட்டலாமா? இரண்டாவது, எவ்வளவு நேரம் பார்த்தாலும் நடுவில் சூரியன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் படம் பார்க்கத் தெரியவில்லையா?

சுவரே_போதும் | ஞாயிறு இரவு 9:20

குதிரை என்றால் குதிரையாவது இருந்திருக்கும்.

வான்நோக்கி_கோவை | ஞாயிறு இரவு 9:41

தனா, நட்ட நடுவில் என்ன இருக்கிறது, சூரியன் எங்கே இருக்கிறது, மேலே பட்டையில் என்ன எழுதியிருக்கிறது, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். தலைப்பைத் தப்பில்லாமல் எழுத்துக்கூட்டிப் போடுங்கள்.

தாம்பரம்_தனா | ஞாயிறு இரவு 10:05

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். நடுவில் ஓர் உருண்டை, அதில் நிலமும் கடலும் வரைந்திருக்கிறது. நம் பூமி மாதிரிதான். சூரியன் அதிலிருந்து தள்ளி, கதிர் வீசிக்கொண்டு ஒரு வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சூரியனைச் சுற்றித் தனியாகச் சில வட்டங்கள். வட்டங்கள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகின்றன, கண்ணைச் சுற்றுகிறது. தலைப்பு "பிளானிஸ்ஃபேரியும் பிராஹேயும்". "யு" வரவேண்டிய இடத்தில் "வி" போட்டிருக்கிறார்கள்.

வான்நோக்கி_கோவை | ஞாயிறு இரவு 10:38

"வி" தப்பில்லை, பழைய லத்தீனில் பெரிய எழுத்தில் அப்படித்தான் பொறிப்பார்கள். தப்பு விற்றவரிடம். உங்கள் சுவருக்கு வந்திருப்பவர் சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கஸ் இல்லை, டைக்கோ பிராஹே என்ற வேறொரு வானியலாளர்.

இந்தப் படங்கள் எல்லாம் ஒரே புத்தகத்திலிருந்து வருகின்றன. ஆண்ட்ரியாஸ் செல்லாரியஸ் தொகுத்த "ஹார்மோனியா மேக்ரோகாஸ்மிகா", ஆம்ஸ்டர்டாமில் ஜான்சோனியஸ் பதிப்பகம் 1660இல் வெளியிட்டது. இரட்டைப் பக்க அளவில் 29 செப்புத்தகட்டுப் படங்கள். அதன் விசேஷமே, அந்தக் காலத்தில் சண்டையில் இருந்த மூன்று கட்சிகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்ததுதான். பழைய கிரேக்க வானியலாளர் தாலமிக்குப் படம் உண்டு, அதில் பூமி நடுவில், எல்லாம் அதைச் சுற்றும். கோப்பர்நிக்கஸுக்கு உண்டு, அதில் சூரியன் நடுவில். டைக்கோவுக்கும் உண்டு. அவர் கணக்கில் பூமி அசையாமல் நடுவில் இருக்கும், சந்திரனும் சூரியனும் அதைச் சுற்றும், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தும் சூரியனைச் சுற்றும். சூரியன் தன் பட்டாளத்தோடு பூமியைச் சுற்றி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டங்கள் வெட்டிக்கொள்வது அதனால்தான். செவ்வாயின் வட்டம் சூரியனின் வட்டத்தைக் குறுக்கே தாண்டும்.

மூன்றுக்கும் ஒரே நிறம், ஒரே மேகம், ஒரே தாடி. இணையத்தில் விற்பவர்கள் பாதிப்பேர் தலைப்பைப் படிப்பதே இல்லை.

சுவரே_போதும் | ஞாயிறு இரவு 10:44

ஆக, மூன்றில் தப்பான படத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். பூமி நடுவில் என்று 1660இலும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் முட்டாள்கள்தானே?

பிசிக்ஸ்_டீச்சர் | திங்கள் காலை 6:15

டியூஷன் பிள்ளைகள் வருவதற்குள் இதற்கு ஒரு பதில் எழுதிவிடுகிறேன். முட்டாள்கள் இல்லை தம்பி. அந்த ஆண்டில் உங்களை உட்காரவைத்துப் பரீட்சை வைத்திருந்தால் நீங்களும் டைக்கோவுக்கே மதிப்பெண் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கலிலியோ 1610இல் தொலைநோக்கி வழியாகப் பார்த்தபோது வெள்ளி நம் நிலா மாதிரியே பிறையாகவும் முழுதாகவும் மாறி மாறித் தெரிந்தது. தாலமியின் அமைப்பில் வெள்ளி எப்போதும் நமக்கும் சூரியனுக்கும் நடுவிலேயே நிற்கும், முழு வட்டமாகத் தெரிய வழியே இல்லை. தாலமி அன்றோடு அவுட். ஆனால் டைக்கோவின் அமைப்பிலும் வெள்ளி சூரியனைத்தானே சுற்றுகிறது? அங்கேயும் பிறை வரும், முழு வட்டமும் வரும். அதாவது கலிலியோவின் அந்த ஆதாரம் தாலமியைத் தள்ளியது, டைக்கோவைத் தொடவே இல்லை.

அடுத்தது, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால் ஜனவரியில் ஓரிடத்தில் இருக்கிறோம், ஜூலையில் எதிர்ப்பக்கம் இருக்கிறோம். பஸ்ஸில் போகும்போது பக்கத்து மரம் தூரத்து மலைக்கு எதிராக நகர்வது போல, பக்கத்து நட்சத்திரங்கள் இடம் மாறித் தெரிய வேண்டும். டைக்கோ அந்தக் காலத்திலேயே மிகத் துல்லியமாக அளந்தவர். ஒரு மாற்றமும் அகப்படவில்லை. அப்படியானால் ஒன்று பூமி அசையவில்லை, இல்லை நட்சத்திரங்கள் நம்பவே முடியாத தூரத்தில் இருக்கின்றன. இரண்டாவதுதான் உண்மை. ஆனால் அந்த இடமாற்றத்தை நம்பும்படி அளந்து காட்டியது பெசல் என்ற ஜெர்மன் வானியலாளர், 1838இல். இந்தப் படம் அச்சாகி 178 ஆண்டுகள் கழித்து.

வான்நோக்கி_கோவை | திங்கள் காலை 8:02

டீச்சர் சொன்னதைப் படமாகவே ஒருவர் வரைய வைத்திருக்கிறார். இத்தாலிய பாதிரியார் ரிச்சியோலி 1651இல் வெளியிட்ட வானியல் நூலின் முகப்பு. ஒரு பெண் தராசு பிடித்து நிற்கிறாள். ஒரு தட்டில் கோப்பர்நிக்கஸின் அமைப்பு, மறு தட்டில் டைக்கோவின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றிய ரிச்சியோலியின் சொந்த அமைப்பு. தட்டு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தாலமி கீழே தரையில் கிடக்கிறார், அவருடைய அமைப்பும் பக்கத்தில் கிடக்கிறது. எனக்கு அதைத்தான் மாட்ட ஆசை. வீட்டில், தராசுப் படம் என்றால் மளிகைக் கடையா என்று கேட்கிறார்கள்.

கண்ணாடி_சட்டம் | திங்கள் பகல் 1:30

மதுரையில் இருபது வருஷமாகச் சட்டம் போடுகிறேன். யார் நடுவில் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

தனா சார், செப்புத்தகட்டுப் படத்தைக் கேன்வாஸில் போடுவதே எனக்குப் பிடிக்காது. அந்தப் படத்தின் உயிரே மெல்லிய கோடுகள். கேன்வாஸின் நெசவு அந்தக் கோட்டைத் தின்றுவிடும். கிட்டே போனால் எழுத்து துணியில் ஊறிய மை மாதிரித் தெரியும். எண்ணெய் ஓவியம் என்றால் கேன்வாஸ் சரி. இதற்குப் பளபளக்காத மேட் காகிதம், சுற்றி மவுண்ட் போர்டு (படம் தெரிய நடுவில் ஜன்னல் வெட்டின அட்டை), முன்னால் கண்ணாடி.

பின்பக்கம் ஹார்டுபோர்டு நேராகக் காகிதத்தில் படக்கூடாது. பத்து வருஷத்தில் பழுப்பு இறங்கும். நடுவில் அமிலமில்லாத அட்டை ஒன்று வையுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், அது காய்ந்து உதிரும்போது கறையை விட்டுவிட்டுத்தான் போகும். தாம்பரம் என்றால் ஐப்பசி கார்த்திகையில் வெளிச்சுவர் வியர்க்கும். சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் பின்னால் ரப்பர் பொத்தான் ஒட்டுங்கள், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவு காற்று போனால் போதும், பூஞ்சை வராது. மேற்குச் சன்னலுக்கு எதிரே மட்டும் மாட்டாதீர்கள்.

தாம்பரம்_தனா | திங்கள் இரவு 8:50

விற்றவர்களுக்கு எழுதினேன். "படத்தில் சூரியன் இருக்கிறது அல்லவா சார்" என்று பதில் வந்திருக்கிறது. திருப்பி எடுக்க மாட்டார்களாம், அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். மனைவி சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

"பழங்கால" என்று போட்டார்களே, அதற்காவது அர்த்தம் உண்டா? நிஜமான 1660 தாளை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

டியூலிப்_வாசுகி | செவ்வாய் அதிகாலை 2:10

நான் யாழ்ப்பாணம், இருபத்தைந்து வருடமாக ஹாலந்தில் இருக்கிறேன். பழைய வரைபடம் சேர்ப்பது என்ர வியாதி. செல்லாரியஸ் தாள் ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்கும் பாக்கியம் ஒருமுறை கிடைத்தது. வாங்குகிற பாக்கியம் இல்லை, கோப்பர்நிக்கஸ் தாள் என்றால் பல ஆயிரம் யூரோ.

முதலில் ஆச்சரியப்படுத்துவது அளவு. அச்சுப் பகுதி ஏறத்தாழ 43க்கு 51 சென்டிமீட்டர், அவ்வளவுதான். மூன்றடிக்குப் பெருப்பித்துப் பார்த்த கண்ணுக்கு அது சின்னதாகத் தெரியும். ஆனால் குனிந்து பார்த்தால் கோடு தலைமுடியை விட மெல்லிசாக இருக்கும். படத்தைச் சுற்றி ஒரு செவ்வகப் பள்ளம் இருக்கும், செப்புத்தகட்டை ஈரக் காகிதத்தில் வைத்து அழுத்தின தடம். விரலால் தடவினால் தெரியும். நடுவில் மடிப்பு, புத்தகத்தில் கட்டின இடம். வெளிச்சத்துக்குப் பிடித்தால் காகிதத்துக்குள் கம்பி போட்ட மாதிரி வரிசையாகக் கோடுகள்.

பின்பக்கத்தையும் வடிவாகப் பாருங்கோ. அந்தக் காலத்துப் பச்சை, செம்புத் துருவில் செய்த பச்சை. அது காலப்போக்கில் காகிதத்தை அரிக்கும். முன்பக்கத்தில் பச்சை இருக்கிற இடமெல்லாம் பின்பக்கம் மண்ணிறமாக ஊறி வந்திருக்கும், சில தாள்களில் அந்த இடம் வெடித்தும் இருக்கும். அந்தக் கறை கண்டால் சேர்ப்பவர்களுக்குக் கவலையும் வரும், நிறம் பழையதுதான் என்ற நம்பிக்கையும் வரும்.

அச்சில் வந்தது கறுப்புக் கோடு மட்டும்தான். நிறம் முழுக்க கையால் தீட்டியது. அதனால் ஒரு தாள் போல இன்னொரு தாள் இராது. இணையத்தில் ஒரே படம் ஒன்றில் நீலமாகவும் ஒன்றில் மஞ்சளாகவும் கிடப்பது அதனால்தான்.

1708இல் அதே தகடுகளை வால்க், ஷெங்க் என்ற இரண்டு பேர் வாங்கித் திரும்ப அடித்தார்கள். அந்தத் தாள்களில் அவர்களின் பெயர் பொறித்திருக்கும். 1660 என்று சொல்லி அதை விற்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

செல்லாரியஸ் ஜெர்மனியில் பிறந்தவர், ஹூர்ன் என்ற துறைமுக ஊரில் லத்தீன் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1665இல் காலமானார். நான் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேயரிடம் பறித்த டச்சுக் கம்பனிக்கு ஆறு கிளைகள், அதில் ஒன்று ஹூர்ன். கோட்டை விழுந்து இரண்டு வருடத்தில் இந்தப் புத்தகம். துறைமுகத்தில் நின்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, வானமில்லை.

தாம்பரம்_தனா | செவ்வாய் காலை 7:30

வாசுகி அக்கா, நன்றி. அப்பாவின் பூதக்கண்ணாடியை வாங்கி என் படத்தைப் பார்த்தேன். கோடே இல்லை. முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி, சிவப்பும் நீலமும் மஞ்சளும் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி. பின்பக்கம் பச்சையும் இல்லை மண்ணிறமும் இல்லை, ஒரு பார்கோடு இருக்கிறது.

பிக்சல்_பாண்டி | செவ்வாய் காலை 9:18

அதுதான் இங்க்ஜெட் அச்சு. குற்றமில்லை, ஆனால் "பழங்கால" என்று போடுவது கொஞ்சம் அதிகம்.

நானாக இருந்தால் கடையில் வாங்கவே மாட்டேன். படம் 360 வருஷத்துக்கு முந்தையது, பொதுச்சொத்து. விக்கிமீடியா காமன்ஸில் செல்லாரியஸின் படங்கள் நல்ல அளவில் கிடக்கின்றன. இறக்கிக்கொண்டு, அச்சுக்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். அகலம் 24 அங்குலம், உயரம் 20 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 7200க்கு 6000 பிக்சல் வேண்டும். சோபாவுக்குப் பின்னால், நாலடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 200 போதும், அப்போது 4800க்கு 4000. அதற்கும் குறைந்தால் லத்தீன் எழுத்து மசங்கும்.

பளபளப்புத் தாள் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம், டியூப்லைட் முழுக்க அதில் தெரியும். மேட் தாள், பிக்மென்ட் மை என்று கேட்டு வாங்குங்கள். ஸ்கேனில் பழைய காகிதத்தின் மஞ்சளும் சேர்ந்தே வரும். சில கடைப் பையன்கள் அன்போடு அதை வெளுத்து வைத்துவிடுவார்கள். கை வைக்காதே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இப்போது கணினியே வரைந்த "பழங்கால" வானப்படங்கள் நிறைய வருகின்றன. தூரத்திலிருந்து பிரமாதமாக இருக்கும். எழுத்தைப் படிக்க முயலுங்கள், லத்தீன் மாதிரி இருக்கும், ஆனால் எந்த மொழியும் இல்லை.

பிசிக்ஸ்_டீச்சர் | செவ்வாய் பகல் 12:40

கிரகத்தை எண்ணியும் பிடிக்கலாம். பூமியோடு சேர்த்து ஆறுதான் இருக்க வேண்டும், கடைசியில் சனி. யுரேனஸை ஹெர்ஷல் கண்டது 1781இல், நெப்டியூன் 1846இல். "1660" என்று போட்டு எட்டுக் கிரகம் ஓடினால் வரைந்தவர் நேற்று பிறந்தவர்.

காவிரிக்_கரை | செவ்வாய் மாலை 5:22

இதெல்லாம் நம் ஆட்கள் முன்பே சொன்னதுதான். வெள்ளைக்காரன் படம் போட்டு விற்கிறான், நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வான்நோக்கி_கோவை | செவ்வாய் மாலை 6:10

"இதெல்லாம்" என்று மொத்தமாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது. உருப்படியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஆரியபட்டர் 499இல் பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்றார். கேரளத்து நீலகண்ட சோமயாஜி 1500ஐ ஒட்டி எழுதியவர். அவர் விவரிக்கும் அமைப்பில் ஐந்து கிரகங்களும் சூரியனைச் சுற்றுகின்றன, சூரியன் பூமியைச் சுற்றுகிறது. இந்த இழையை முதலிலிருந்து படித்தவர்களுக்கு உடனே புரியும், அது ஏறத்தாழ டைக்கோ. டைக்கோ தன் அமைப்பை வெளியிட்டது 1588இல்.

ஆனால் சூரியனை நடுவில் வைத்துப் பூமியை ஓடவிட்டது நீலகண்டர் இல்லை. தனாவின் சுவரில் இப்போது இருக்கும் படம்தான் அவருக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும்.

காவிரிக்_கரை | செவ்வாய் மாலை 6:31

அப்படியென்றால் தனா அந்தப் படத்தைத் தூக்கிப் போடவேண்டாம்.

தாம்பரம்_தனா | செவ்வாய் இரவு 10:15

தூக்கிப் போட முடியாது. அப்பா ஒரு மணி நேரமாக அதன் முன்னால்தான் நிற்கிறார். கடைசியில் கேட்டார்: "எல்லாம் சரி, ராகு கேது எங்கே?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஏழு பேர் சரியாக இருக்கிறார்கள், அந்த இரண்டு பேரைக் காணவில்லை.

வான்நோக்கி_கோவை | செவ்வாய் இரவு 10:52

அருமையான கேள்வி, அப்பாவுக்கு என் வணக்கம். ராகுவும் கேதுவும் உருண்டைகள் இல்லை, புள்ளிகள். சந்திரன் போகும் பாதை சூரியன் போகும் பாதைக்கு ஐந்து பாகையளவு சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதையும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு, ஒன்று ராகு, மற்றது கேது. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடங்களை ஒட்டி வந்தால் கிரகணம். சூரியனை ராகு விழுங்குகிறது என்பதன் கணக்கு அதுதான். மேலிருந்து பார்த்துத் தட்டையாக வரைந்த படத்தில் சாய்வு தெரியாது, சாய்வு தெரியாவிட்டால் ராகுவுக்கு இடமில்லை.

கிரகணம் பிடித்தவராக இருந்தால் அவருக்கு வேறொரு தாள் சொல்கிறேன். நியூரம்பெர்க்கில் ஹோமான் பதிப்பகம் வெளியிட்ட டோப்பல்மையரின் வானப் படத்தொகுப்பு, 1742. அதில் கோப்பர்நிக்கஸ் அமைப்பைக் காட்டும் தாளின் கீழே, 1706 மே 12 அன்று ஐரோப்பாவில் தெரிந்த சூரிய கிரகணமும் இருக்கிறது. செல்லாரியஸ் அளவுக்குக் கண்ணைப் பறிக்காது, ஆனால் விவரம் நிறைய. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது படித்து முடிக்க.

சுவரே_போதும் | புதன் காலை 7:05

சரி, நான் வழிக்கு வந்துவிட்டேன் என்றே வையுங்கள். சின்ன வாடகை வீட்டுக்கு, ஆணி ஒன்றுதான் அடிக்க முடியும் என்பவனுக்கு என்ன மாட்டலாம்? மேகமும் குழந்தையும் வேண்டாம்.

பிசிக்ஸ்_டீச்சர் | புதன் காலை 7:40

இங்கிலாந்தில் தாமஸ் டிக்கஸ் 1576இல் போட்ட படம். கறுப்பு வெள்ளை, நிறமே கிடையாது. நடுவில் சூரியன், சுற்றி வட்டங்கள். அதுவரை எல்லாரும் கடைசியில் ஒரு வளையம் போட்டு நட்சத்திரங்களை அதில் குத்தி வைப்பார்கள். கோப்பர்நிக்கஸும் 1543இல் அப்படித்தான் வளையம் போட்டு மூடினார். டிக்கஸ் வளையத்துக்கு வெளியேயும் நட்சத்திரத்தைச் சிதறவிட்டார், தாளின் ஓரம் வரைக்கும். வானத்துக்கு மதில் கிடையாது என்று வரைந்து காட்டிவிட்டார். ஒன்பதுக்கு ஏழு அங்குலத்தில் கறுப்புச் சட்டம் போட்டால் போதும்.

கொசுறாக ஒன்று. கோப்பர்நிக்கஸின் படத்தில் சூரியன் அழகாக நடுவில் இருக்கும், ஆனால் அவர் கணக்கில் மையம் சரியாகச் சூரியன் மேல் விழாது, பூமியின் வட்டத்துக்கு நடுவில் விழும். இரண்டுக்கும் கொஞ்சம் இடைவெளி உண்டு. சின்ன வட்டத்தின் மேல் வட்டம் வைக்கும் வேலையையும் அவர் விடவில்லை. வட்டத்தை விட்டு நீள்வட்டத்துக்குப் போனது 1609இல் கெப்ளர்தான். செல்லாரியஸ் 1660இல் வரைந்ததும் வட்டம்தான், அழகுக்கு வட்டம்தானே நல்லது. கடைசியில் சூரியனும் நடுவில் இல்லை, நம் பால்வெளியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளி ஓரமாக இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், அப்போ தனா அங்கிள் எதை மாட்டினாலும் தப்புதானே மிஸ் என்கிறார்கள்.

டியூலிப்_வாசுகி | புதன் பகல் 3:25

தனா, திரும்ப அச்சடிப்பதென்றால் கோப்பர்நிக்கஸுக்கு அந்தப் புத்தகத்தில் இரண்டு தாள் இருக்கு. "பிளானிஸ்ஃபேரியும்" என்று தொடங்குவது மேலிருந்து பார்த்த தட்டைப்படம், வியாழனைச் சுற்றி கலிலியோ கண்ட நாலு நிலாவும் இருக்கும். "சீனோகிராஃபியா" என்று தொடங்குவது பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்த படம். அதில் பூமி ஒன்றல்ல, நாலு இடத்தில் வரும், நாலு பருவத்துக்கு. நாலிலும் பூமி சுழலும் அச்சு ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், சூரியனைப் பார்த்த பாதி வெளிச்சம், மற்றப் பாதி இருட்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் அதையே போடுங்கோ. மழைக்காலம் ஏன் வருகிறது என்பதற்குச் சுவரைக் காட்டினால் போதும்... இல்லை, மழைக்கு அது போதாது, குளிருக்கும் வெயிலுக்கும் போதும்.

இன்னொரு தமாஷ். அதே புத்தகத்தில் நட்சத்திரக் கூட்டங்களைக் கிறிஸ்தவமாக்கின தாளும் இருக்கு. பன்னிரண்டு ராசியும் போய் பன்னிரண்டு அப்போஸ்தலர் நிற்பார்கள். மேஷத்துக்குப் பதில் பேதுரு. அந்த யோசனை எங்கும் எடுபடவில்லை, ஆனால் படம் மட்டும் சாகவில்லை.

தாம்பரம்_தனா | அடுத்த திங்கள் இரவு 9:30

நிலவரம். சீனோகிராஃபியாவை இறக்கி, 24க்கு 20, மேட் தாளில் அடித்தாயிற்று. கடைப் பையன் மஞ்சளை வெளுக்கப் பார்த்தான், பாண்டி சொன்னதை ஞாபகம் வைத்துத் தடுத்துவிட்டேன். பெண் முதல் நாளே நாலு பூமியையும் எண்ணிவிட்டு, "மூன்று ஸ்பேரா?" என்றாள்.

பிராஹே கேன்வாஸை அப்பா தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் பூமி சரியாக அவர் கண் மட்டத்தில் வருகிறதாம். ராகு கேது இரண்டுக்கும் பென்சிலால் புள்ளி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கோப்பர்நிக்கஸ் மட்டும் சட்டக்கடையிலிருந்து வந்ததும் எனக்கு மனசு நொந்துவிட்டது. ரப்பர் பொத்தான் ஒட்டியிருக்கிறார்கள், அமிலமில்லாத அட்டை இருக்கிறது, எல்லாம் சொன்னபடி. ஆனால் மவுண்ட் போர்டை வெட்டியவர் மேலே கொஞ்சம் இறக்கி வெட்டிவிட்டார். படத்தில் மேலே தலைப்பு எழுதின பட்டை இருக்கிறதல்லவா, அது முழுக்க அட்டைக்குள் போய்விட்டது. யார் வந்து பார்த்தாலும் இது எந்தப் படம் என்று சொல்ல முடியாது.

கண்ணாடி_சட்டம் | அடுத்த திங்கள் இரவு 9:48

மேல் அளவை மட்டும் கவனிக்காமல் வெட்டியிருக்கிறார், அடிக்கடி நடக்கிற தப்புதான். படத்தைக் கழற்றாமல் சட்டத்தோடு கொண்டுபோங்கள். புது மவுண்ட் வெட்டச் சொல்லுங்கள், பழையதையே அகலப்படுத்தினால் ஓரம் பிசிறு தட்டும். ஜன்னல் அளவைத் தாளில் பென்சிலால் குறித்து, அவர் வெட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

சுவரே_போதும் | அடுத்த திங்கள் இரவு 9:55

குதிரை என்ன ஆயிற்று?

தாம்பரம்_தனா | அடுத்த திங்கள் இரவு 10:02

வந்துவிட்டது. ஷூ ரேக்குக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. மவுண்டுக்குச் சனிக்கிழமை போகிறேன்.